தெருவைக் கடக்கப் பதினைந்து வருஷம்

"ஆள் வந்தா காசு வரும். ஆளே வராத ஆட்டத்துக்கு யாரு காசு போடுவா?"

பெண்கள் விளையாட்டைப் பத்திப் பேச்சு வந்தா, பத்து நிமிஷத்துக்குள்ள யாராவது ஒருத்தர் இந்த வசனத்தை எடுத்து விட்டுடுவாங்க. நம்ம பி.காம். கும்பல்ல கேட்கவே வேண்டாம். டிமாண்ட், சப்ளை, ரிட்டர்ன் ஆன் இன்வெஸ்ட்மென்ட்னு நாலு வார்த்தையைச் சேர்த்துச் சொன்னா, அது கோர்ட் தீர்ப்பு மாதிரியே ஆயிடும். மேல்முறையீடு கிடையாது :-)

இந்தப் பதிவு அந்த மேல்முறையீடுதான். சாட்சிக் கூண்டுல ஏத்தப்போறது ஒரே ஒரு ஆள். பேரு எமிலி ஸ்காரட். இங்கிலாந்து பெண்கள் ரக்பி அணிக்கு 2008-ல இருந்து 2025 வரைக்கும் ஆடினவங்க. 119 சர்வதேசப் போட்டி, 754 புள்ளி, 54 ட்ரை, அஞ்சு உலகக்கோப்பை. கணக்குப் படிக்கிற நமக்கு இவங்க ஏன் முக்கியம்னா, இவங்க ஆட ஆரம்பிச்சப்போ அந்த ஆட்டத்துக்குக் காசும் கிடையாது, கூட்டமும் கிடையாது. இவங்க ஓய்வு பெறும்போது ரெண்டுமே இருந்துச்சு. நடுவுல எது முதல்ல வந்துச்சு, எது பின்னால வந்துச்சுன்னு ஒரே ஆளோட வாழ்க்கையை வச்சே பார்த்துடலாம். இப்படி ஒரு வசதியான கேஸ் ஸ்டடி சும்மா கிடைக்காது.

ரக்பி தெரியாதவங்களுக்கு ரெண்டு நிமிஷம்

தெரிஞ்சவங்க இந்தப் பத்தியைத் தாண்டிப் போயிடலாம். ஒரு அணிக்கு 15 பேர், ஆட்டம் 80 நிமிஷம். முட்டை வடிவப் பந்து. அதைக் கையில எடுத்துக்கிட்டு எவ்வளவு தூரம் வேணும்னாலும் முன்னால ஓடலாம், ஆனா கையால முன்னால வீசக்கூடாது. பக்கவாட்டுலயோ பின்னாலயோதான் வீசணும். எதிரணி உங்களைக் கட்டிப்பிடிச்சுக் கீழே சாய்க்கும். (கபடியில ரெய்டரை மடக்குறது ஞாபகம் வருதா? அதை முழு வேகத்துல ஓடிக்கிட்டே செய்யணும்.) எதிரணியோட கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில வச்சா அதுக்குப் பேரு ட்ரை, 5 புள்ளி. அதுக்கப்புறம் கம்பங்களுக்கு நடுவுல உதைச்சா இன்னும் 2. எதிரணி தப்பு செஞ்சு, அதுக்குக் கிடைக்கிற உதையைக் கம்பங்களுக்கு நடுவுல அனுப்பினா 3. ஸ்காரட் இது எல்லாத்தையும் செய்யக்கூடியவங்க. சென்டர், ஃபுல்பேக் ரெண்டு இடத்துலயும் ஆடுவாங்க, உதையும் அவங்கதான். நம்ம ஊரு பாஷையில சொன்னா ஆல்ரவுண்டர்.

இதுலயே 7 பேர் ஆடுற குட்டி வடிவம் ஒண்ணு உண்டு. அதுக்குப் பேரு செவன்ஸ். ஒலிம்பிக்ஸ்ல இருக்கிறது அதுதான். இந்த வித்தியாசத்தை ஞாபகத்துல வச்சுக்கங்க. கதையில இதால ஒரு திருப்பம் வருது.

முதல் கணக்கு: சம்பளம் இல்லாத சாம்பியன்கள்

ஸ்காரட் பிறந்தது 1990, லெஸ்டர்ல. அஞ்சு வயசுல லெஸ்டர் ஃபாரஸ்ட்னு ஒரு கிளப்புல ரக்பி ஆட ஆரம்பிச்சாங்க. கூடைப்பந்தும் நல்லா ஆடுவாங்க. 16 வயசுல அமெரிக்காவுல இருந்து கூடைப்பந்து ஸ்காலர்ஷிப் ஒண்ணு தேடி வந்துச்சு. வேண்டாம்னுட்டாங்க.

கொஞ்சம் நின்னு யோசிங்க. நம்ம பாடப் புத்தகத்துல வாய்ப்புச் செலவுன்னு ஒரு அத்தியாயம் இருக்கே, அதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா? ஒரு பக்கம் காசு கொடுத்துப் படிக்க வைக்கிற விளையாட்டு. இன்னொரு பக்கம் நாட்டுக்காக ஆடினாலும் சம்பளம் இல்லாத விளையாட்டு. அந்தப் பொண்ணு ரெண்டாவதை எடுத்துச்சு. காசை மட்டும் பார்த்திருந்தா இந்தப் பதிவே கிடையாது.

2008-ல அமெரிக்காவுக்கு எதிரா முதல் சர்வதேசப் போட்டி. 2010-ல உலகக்கோப்பை இங்கிலாந்துலயே நடந்துச்சு. இறுதிப் போட்டி நடந்த இடம் லண்டன்ல ட்விக்கென்ஹாம் ஸ்டூப். இந்த இடத்தைப் பத்தி ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். ரக்பி உலகத்தோட மிகப்பெரிய மைதானம்னு சொல்ற ட்விக்கென்ஹாம், 82,000 பேர் உட்காரலாம், அது தெருவுக்கு இந்தப் பக்கம். ஸ்டூப் தெருவுக்கு அந்தப் பக்கம். அதுல 15,000 பேர்கூட உட்கார முடியாது. பெண்கள் இறுதிப் போட்டிக்குக் கொடுத்தது அந்தப் பக்கம். 13,000-க்கும் மேல ஆள் வந்தாங்க, அதாவது கிட்டத்தட்ட ரொம்பிப்போச்சு. நியூசிலாந்து 13, இங்கிலாந்து 10. இருபது வயசு ஸ்காரட் அந்த ஆட்டத்துல தோத்த அணியில இருந்தாங்க.

அப்போ யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கு. 15,000 பேர் இடத்துல 13,000 பேர் வந்தா "கூட்டம் வரலை"னு சொல்வீங்களா, "இடம் பத்தலை"னு சொல்வீங்களா? சின்ன ஹால்ல கல்யாணம் வச்சுட்டு, ஐநூறு பேர்தான் வந்தாங்கன்னு குறை சொல்ல முடியாது இல்லையா?

நாலு வருஷம் கழிச்சு, 2014 ஆகஸ்ட் 17. பாரிஸ்ல இறுதிப் போட்டி. இங்கிலாந்து 21, கனடா 9. அந்த 21-ல 16 புள்ளி ஸ்காரட்டோடது. ஒரு ட்ரை, ஒரு கன்வர்ஷன், மூணு பெனால்டி. அந்தத் தொடர்லயே அதிகப் புள்ளி எடுத்தவங்களும் அவங்கதான், 70. இங்கிலாந்துப் பெண்கள் 1994-க்கு அப்புறம், இருபது வருஷம் கழிச்சு ஜெயிச்ச உலகக்கோப்பை அது.

அந்த அணியில யாரெல்லாம் இருந்தாங்க தெரியுமா? கேப்டன் கேட்டி மெக்லீன் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. சோஃபி ஹெம்மிங் கால்நடை மருத்துவர். ஸ்காரட்டும் அதுக்கு முன்னாடி ஒரு பள்ளிக்கூடத்துல வேலை பார்த்தவங்கதான். வேலை நேரத்துக்கு முன்னாடி ஒரு பயிற்சி, வேலை முடிஞ்சு ஒரு பயிற்சி, லீவு போட்டு உலகக்கோப்பை. ஜெயிச்சுட்டு வந்து மறுபடியும் மாடு பார்க்கணும், வீட்டுப்பாடம் திருத்தணும்.

இதைப் படிக்கும்போது "அடடா, என்ன தியாகம்"னு தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா தியாகம்கிற வார்த்தையில எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஒருத்தர் தியாகம் பண்றாங்கன்னா, அந்தச் செலவு இன்னொருத்தர் கணக்குல இருந்து இறங்கி இவங்க தலையில ஏறியிருக்குன்னு அர்த்தம். செலவு இல்லாம ஓடின அணி இல்லை அது. செலவை வீராங்கனைகளும், அவங்க குடும்பமும், லீவு கொடுத்த முதலாளிகளும் ஏத்துக்கிட்டு ஓடின அணி. சங்கத்தோட வரவு செலவுப் புத்தகத்துல அது வரலை, அவ்வளவுதான்.

ரெண்டாவது கணக்கு: கொடுத்த கையே எடுத்துச்சு

கோப்பை வந்ததும் காசு வந்துச்சு. 2014 கடைசியில இங்கிலாந்து ரக்பி சங்கம் (ஆர்.எஃப்.யு.) முதல் தடவையா 20 பெண்களுக்கு முழுநேர ஒப்பந்தம் கொடுத்துச்சு. ஸ்காரட்டும் அதுல ஒருத்தர். ஆனா அது செவன்ஸுக்கு. காரணம், 2016 ரியோ ஒலிம்பிக்ஸ்ல செவன்ஸ் முதல் தடவையா வரப்போகுது. பதக்கம் கிடைச்சா பேரு. ரியோவுல பிரிட்டன் அணிக்கு ஸ்காரட்தான் கேப்டன். வெண்கலப் பதக்கப் போட்டியில கனடாகிட்ட தோத்து நாலாவது இடம்.

அதுக்கப்புறம் 2017 உலகக்கோப்பைக்காக 15 பேர் ஆட்டத்துக்கு ஒப்பந்தம் கொடுத்தாங்க. சரி, இனிமே எல்லாம் நல்லபடியாப் போகும்னு நினைக்கிறப்போ, அந்த ஆகஸ்ட்ல, அயர்லாந்துல உலகக்கோப்பை நெருங்கின நேரத்துல ஒரு செய்தி வெளியாகுது. உலகக்கோப்பை முடிஞ்சதும் அந்த ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கப்போறது இல்லையாம். சங்கத்தோட விளக்கம் என்னன்னா, ஒப்பந்தங்கள் சுழற்சி முறையில போகுது, அடுத்த வருஷம் செவன்ஸ் உலகக்கோப்பையும் காமன்வெல்த் போட்டியும் இருக்கு, அதனால காசு அந்தப் பக்கம் போகுதுன்னு.

நடப்பு உலக சாம்பியன்கள் பட்டத்தைக் காப்பாத்தப் போறாங்க. கையில கிடைச்ச செய்தி, "தொடர் முடிஞ்சதும் சம்பளம் நிக்குது."

இங்கதான் எனக்குக் கோபம் வருது. காசு இல்லைன்னா பரவாயில்லை, இல்லைன்னு சொல்லலாம். ஆனா ரெண்டு வருஷம் திறந்து, ஒரு வருஷம் மூடி, மறுபடி திறந்து நடத்துற கடைக்கு வாடிக்கையாளர் எப்படிச் சேர்வாங்க? தீபாவளிக்கு மட்டும் திறக்கிற பட்டாசுக் கடையா இது? ரக்பியில ஒரு ஆளைச் சர்வதேசத் தரத்துக்குக் கொண்டு வர வருஷக்கணக்கா ஆகும். அந்த ஆளைப் பார்க்கிற பழக்கம் ஜனங்களுக்கு வரவும் வருஷக்கணக்கா ஆகும். ரெண்டுக்கும் தொடர்ச்சி வேணும். நடுவுல கரண்ட் கட் பண்ணிட்டு, "பல்ப் எரியலை, இந்த வீட்டுல வெளிச்சத்துக்கு டிமாண்ட் இல்லை"னு சொல்றது எந்த ஊர் எகனாமிக்ஸ்?

அதே 2017-ல இன்னொண்ணும் நடந்துச்சு. பத்து அணிகளோட பெண்களுக்கான ஒரு புது உள்நாட்டு லீக்கைச் சங்கம் தொடங்குச்சு. நல்ல விஷயம். ஆனா ஸ்காரட் ரொம்ப வருஷம் ஆடின லிச்ஃபீல்ட் கிளப்புக்கு அதுல இடம் கிடைக்கலை. பெரிய வீராங்கனைகளை வளர்த்த கிளப் அது. வளர்ச்சியிலயும் சிலர் பேரு கணக்குல இருந்து அடிபட்டுத்தான் போகுதுங்கிறதுக்கு இது ஒரு உதாரணம். ஸ்காரட் அப்புறம் லஃப்பரோ லைட்னிங் அணிக்குப் போயிட்டாங்க.

கடைசியில 2019 ஜனவரியில சங்கம் மனசு மாறி, 15 பேர் ஆட்டத்துக்குன்னே 28 முழுநேர ஒப்பந்தம் கொடுத்துச்சு. இந்தத் தடவை நிக்கலை. அந்த வருஷம் இங்கிலாந்து ஆறு நாடுகள் தொடர்ல எல்லா ஆட்டமும் ஜெயிச்சுச்சு. உலகத்தோட சிறந்த வீராங்கனை விருது ஸ்காரட்டுக்கு. 2019-ல இருந்து 2025 வரைக்கும் அந்தத் தொடரை ஏழு வருஷமும் இங்கிலாந்துதான் ஜெயிச்சிருக்கு.

"காசு கொடுத்தும் தோத்தாங்களே?"

இந்தக் கேள்வி வரும்னு தெரியும். நியாயமான கேள்வி. அதனால மறைக்காம சொல்லிடறேன்.

2017 பெல்ஃபாஸ்ட் இறுதிப் போட்டி: நியூசிலாந்து 41, இங்கிலாந்து 32. சம்பளம் வாங்கின அணி தோத்துச்சு. ஜெயிச்ச நியூசிலாந்துப் பெண்களுக்கு 15 பேர் ஆட்டத்துக்கான ஒப்பந்தம் வந்ததே அடுத்த வருஷம்தான்!

2022 ஆக்லாந்து இறுதிப் போட்டி (2021-ல நடக்க வேண்டியது, கொரோனாவால தள்ளிப்போச்சு): நியூசிலாந்து 34, இங்கிலாந்து 31. இங்கிலாந்து தொடர்ந்து 30 ஆட்டம் ஜெயிச்சுட்டு அங்க போச்சு. 18-வது நிமிஷத்துல லிடியா தாம்ப்சனுக்குச் சிவப்பு அட்டை. மீதி ஒரு மணி நேரம் 14 பேரை வச்சு ஆடி, மூணு புள்ளியில தோத்தாங்க. அதே தொடர்ல ஃபிரான்ஸை 13-7-னு ஜெயிச்சப்போ 13 புள்ளியும் ஸ்காரட் எடுத்ததுதான். அப்படியும் கோப்பை வரலை.

ஆக, காசு கோப்பையை வாங்கித் தராது. இதை நான் ஒத்துக்கிறேன். என்னோட வாதமே அது இல்லை. காசு வாங்கித் தர்றது வேற ஒண்ணு. அதுக்குப் பேரு நேரம்.

ஸ்காரட்டையே எடுத்துக்கங்க. 2021-ல கால் எலும்பு முறிஞ்சுது. குணமாகி 2022 உலகக்கோப்பை ஆடினாங்க. 2023-ல கழுத்துல அறுவை சிகிச்சை. ரக்பி ஆடுறவங்களுக்குக் கழுத்துல கத்தி வைக்கிறதுன்னா அது சாதாரண விஷயமா? அந்த வருஷம் முழுக்க சர்வதேச ஆட்டம் கிடையாது. அப்போ வயசு 33. 2024-ல, 34 வயசுல, திரும்பி வந்து மறுபடி இங்கிலாந்து சட்டையைப் போட்டாங்க.

இப்போ இதையே 2012-ல நடந்த மாதிரி யோசிச்சுப் பாருங்க. ஒரு பள்ளிக்கூட ஊழியர். சம்பளத்துக்கு வேலை, சும்மாவுக்கு ரக்பி. கழுத்துல ஆபரேஷன். ஒரு வருஷம் டாக்டரும் பிசியோவும் கூடவே இருந்து, மெதுவா மெதுவா உடம்பைத் தேத்தி, மறுபடி மைதானத்துல இறக்கியிருப்பாங்களா? வீட்டுல என்ன சொல்லியிருப்பாங்க? "போதும்மா, பொழப்பைப் பாரு"ன்னுதான். 2014-ல ஜெயிச்ச அணியில இருந்த மேகி அல்ஃபான்சி, 74 சர்வதேசப் போட்டி ஆடினவங்க, உலகமே பார்த்து வியந்த வீராங்கனை, அந்த வருஷமே 30 வயசுல ஓய்வு. முழுநேர ஒப்பந்தம்கிறதே அப்போதான் ஆரம்பிக்குது. அவங்களை மாதிரி எத்தனை பேர் சம்பளம் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி கிளம்பிப் போயிருப்பாங்க?

மெஷினுக்குத் தேய்மானம் போடத் தெரிஞ்ச நமக்கு, மனுஷ உடம்புக்கும் தேய்மானம் உண்டுன்னு தெரியணும். மெஷினுக்குப் பராமரிப்புச் செலவு எழுதலைன்னா அது சீக்கிரம் பழசாயிடும். அமெச்சூர் காலத்து வீராங்கனைகளுக்கு நடந்தது அதுதான்.

கூட்டம் எப்போ வந்துச்சு?

சரி, அசல் கேள்விக்கு வருவோம். இறுதிப் போட்டிகளுக்கு வந்த கூட்டத்தை வரிசையா எழுதிப் பார்க்கலாம்.

2010, லண்டன் ஸ்டூப்: 13,000-க்கும் மேல.
2017, பெல்ஃபாஸ்ட்: 17,115.
2022, ஆக்லாந்து ஈடன் பார்க்: 42,579.
2025, லண்டன் ட்விக்கென்ஹாம்: 81,885.

2010-க்கும் 2017-க்கும் நடுவுல ஏழு வருஷம், ஏத்தம் ரொம்பக் கொஞ்சம். அதுக்கப்புறம் எட்டு வருஷத்துல கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. அந்த எட்டு வருஷத்துல என்ன மாறுச்சு? லீக் வந்துச்சு, நிலையான ஒப்பந்தம் வந்துச்சு. அதைவிட முக்கியமா நான் நினைக்கிறது, கடையைத் தெருவுக்கு முன்னால வச்சாங்க.

முன்னாடி ட்விக்கென்ஹாம்ல பெண்கள் ஆட்டம் நடக்கிறதுன்னா, ஆண்கள் ஆட்டம் முடிஞ்ச அப்புறம். எண்பதாயிரம் பேர் ரயிலைப் பிடிக்கக் கிளம்பிக்கிட்டு இருக்கிறப்போ இவங்க மைதானத்துல இறங்குவாங்க. கல்யாண விருந்து முடிஞ்சு இலை எடுக்கும்போது கச்சேரி ஆரம்பிச்ச மாதிரி! பெண்கள் ஆறு நாடுகள் தொடர் ஆண்கள் தொடர்ல இருந்து பிரிஞ்சு தனி மாசத்துல நடக்க ஆரம்பிச்சது 2021-ல. 2022-ல டிக்டாக் நிறுவனம் அந்தத் தொடருக்குன்னே முதல் டைட்டில் ஸ்பான்சரா வந்துச்சு. 2023-ல இங்கிலாந்து - ஃபிரான்ஸ் ஆட்டத்தை ட்விக்கென்ஹாம்ல தனியா வச்சாங்க, ஆண்கள் ஆட்டம் எதுவும் கூட இல்லாம. 58,498 பேர் வந்தாங்க. ஸ்காரட் காயத்தால ஆடலை, அப்படியும் வந்தாங்க.

அந்த 58,498 பேரும் 2023-ல திடீர்னு பிறந்தவங்க இல்லை. அவங்க எப்பவும் அங்கதான் இருந்தாங்க. அவங்களுக்கு விக்க யாரும் டிக்கெட் வச்சிருக்கலை.

2025 உலகக்கோப்பை மறுபடி இங்கிலாந்துல. 12 அணிக்குப் பதிலா இந்தத் தடவை 16 அணி. முதல் ஆட்டம் சண்டர்லாந்துல, 42,723 பேர் முன்னால. அதுல மாற்று ஆட்டக்காரரா இறங்கி, அஞ்சு உலகக்கோப்பை ஆடின முதல் இங்கிலாந்து ஆள் ஆனாங்க ஸ்காரட். ஆண், பெண் ரெண்டு பக்கமும் சேர்த்து. தொடர் முழுக்க நாலு லட்சத்துக்கும் மேல டிக்கெட் வித்துச்சு. செப்டம்பர் 27 இறுதிப் போட்டி. இங்கிலாந்து 33, கனடா 13. பி.பி.சி.யில ஒரு கட்டத்துல 58 லட்சம் பேர் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

இறுதிப் போட்டிக்கான 23 பேர்ல ஸ்காரட் இல்லை. ஆனா பதக்கம் அவங்களுக்கும் உண்டு. 2010-ல தெருவுக்கு அந்தப் பக்கம் தோத்து நின்ன அந்த அணிக்கு, இந்தப் பக்கம் வந்து சேரப் பதினைந்து வருஷம் ஆச்சு. அந்தத் தூரம் முழுக்க நடந்தவங்க ஸ்காரட். அடுத்த மாசமே ஓய்வு அறிவிச்சுட்டுப் பயிற்சியாளர் பக்கம் போயிட்டாங்க.

எதிர்த்தரப்பு வாதம் ரெண்டு

ஒண்ணு: "சரிப்பா, காசு இருக்கிற நாடு ஜெயிக்குது. இது என்ன போட்டி?" உண்மைதான். அந்த முதல் ஆட்ட ஸ்கோர் இங்கிலாந்து 69, அமெரிக்கா 7. இத்தனைக்கும் 1991-ல முதல் பெண்கள் உலகக்கோப்பையை ஜெயிச்சதே அமெரிக்காதான், அதுவும் இங்கிலாந்தைத் தோற்கடிச்சு. ஒரு நாடு மட்டும் முதலீடு செஞ்சா ஒருதலையான ஆட்டங்கள்தான் வரும். அப்புறம் அதைக் காட்டியே "பார்க்க சுவாரஸ்யம் இல்லை"ன்னு சொல்லிடுவாங்க. என் பதில்: அந்த வித்தியாசம் குறையணும்னா மத்த நாடுகளும் செலவு பண்ணணும், இங்கிலாந்து நிறுத்தக்கூடாது. கனடாவைப் பாருங்க. உலகக்கோப்பைக்குத் தயாராகப் பத்து லட்சம் கனடா டாலர் திரட்டணும்னு ஜனங்ககிட்ட நன்கொடை கேட்டு இறங்கினாங்க. அப்படிச் சேர்த்த காசோட வந்து, அரையிறுதியில நியூசிலாந்தை 34-19-னு ஜெயிச்சாங்க! கொஞ்சம் காசும் கொஞ்சம் நம்பிக்கையும் எவ்வளவு தூரம் இழுக்கும்னு இதுல தெரியுது. ஒரு தேசிய அணி உண்டியல் குலுக்க வேண்டியிருந்துச்சேங்கிற வெட்கமும் இதுலயே இருக்கு.

ரெண்டு: "இதை வச்சு எல்லா விளையாட்டுக்கும் சட்டம் போட முடியுமா? காசு போட்டும் ஆள் வராத விளையாட்டு இல்லையா?" இருக்கு. சப்ளையே டிமாண்டை உண்டாக்கிடும்னு ஜே.பி. சே பேரைச் சொல்லி நமக்கு ஒரு விதி சொல்லிக் கொடுத்தாங்க, அதைக் கீன்ஸ் எப்படி உடைச்சாருன்னும் சொல்லிக் கொடுத்தாங்க. போட்ட காசெல்லாம் திரும்பும்னு நான் சொல்லலை. நான் சொல்றது இவ்வளவுதான்: சரக்கைக் கடையில வைக்காம, "வாங்க ஆள் இல்லை"னு எழுதிக் கையெழுத்துப் போடக்கூடாது. அது சந்தையோட தீர்ப்பு இல்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவரோட முடிவு. அந்த முடிவுக்குச் சந்தை பேரைச் சூட்டிடறோம்.

அந்த 1991 உலகக்கோப்பையை வேல்ஸ்ல நடத்தினதே லண்டன் ரிச்மண்ட் கிளப்பைச் சேர்ந்த நாலு பெண்கள்தான். சர்வதேச ரக்பி அமைப்போட அங்கீகாரம்கூடக் கிடையாது. சோவியத் அணி கையில காசு இல்லாம, வித்துச் செலவைச் சமாளிக்க வோட்கா பாட்டில் எல்லாம் கொண்டு வந்து இறங்குச்சு. அந்த நாலு பேர்ல ஒருத்தர் டெபோரா கிரிஃபின். 2025-ல அதே இங்கிலாந்து ரக்பி சங்கத்தோட முதல் பெண் தலைவர் ஆனதும் அவங்கதான். முடிவு எடுக்கிற மேஜைக்கு வந்து சேர அவங்களுக்கு 34 வருஷம் ஆச்சு. ஸ்காரட்டோட பதினைந்தே பரவாயில்லை போல!

இதுல நமக்கு என்ன?

நம்மள்ல யாரும் ரக்பி ஆடப்போறது இல்லை (ஆடினா சொல்லுங்க, நேர்ல வந்து கைதட்டறேன்). ஆனா நம்மள்ல நிறையப் பேர் அந்த மேஜைக்குப் போகப்போறோம். ஆடிட்டரா, பேங்க் ஆபீஸரா, ஏதோ ஒரு கம்பெனியில ஸ்பான்சர்ஷிப் ஃபைல் பார்க்கிற ஆளா. ஒருநாள் ஒரு காகிதம் நம்ம முன்னால வரும். "இந்த அணிக்கு இவ்வளவு வேணும். இதுவரைக்கும் வந்த கூட்டம் இவ்வளவு. வருமானம் பூஜ்யம்." சிவப்பு மையில ஒரு கோடு போட முப்பது விநாடி போதும்.

அந்த முப்பது விநாடியில மூணு கேள்வி கேட்டா போதும்னு நினைக்கிறேன். அந்தக் கூட்டம் வந்தது எந்த மைதானத்துக்கு, எத்தனை மணிக்கு? வருமானம் பூஜ்யம் சரி, செலவு நிஜமாவே பூஜ்யமா, இல்லை வேற யாராவது தலையில இருக்கா? ஒரு வருஷக் கணக்கை வச்சுச் சொல்றோமா, பத்து வருஷக் கணக்கை வச்சுச் சொல்றோமா?

2010-ல யாராவது ஒரு வருஷக் கணக்கை மட்டும் பார்த்து எமிலி ஸ்காரட் மேல கோடு போட்டிருந்தா, அந்தக் கணக்கு தப்பில்லைன்னுதான் ஆடிட்டரும் கையெழுத்துப் போட்டிருப்பார். 754 புள்ளியும் 81,885 பேரும் அந்தப் புத்தகத்துல எங்கயுமே இருந்திருக்காது.

மாத்துக் கருத்து இருக்கிறவங்க தாராளமா வாங்க, சண்டை போடலாம். "ஆள் வந்தா காசு வரும்"னு மட்டும் ஆரம்பிக்காதீங்க :-)